பதவியும் பொறுப்பும்

விருதுபட்டியில் 1903-ஆம் வருஷம் ஜூலை 15-ந் தேதி பிறந்த காமராஜரின் சரித்திரம் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமனின் துணிக்கடையில் அமர்ந்தார். அங்கிருந்து தேச சேவையில் புகுந்து, 1930-ல் வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகம் தொட்டுப் பன்முறை சிறை சென்றார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார்.

அவர் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை இங்கு விசேஷமாக எடுத்துக் கூற விரும்புகிறோம். 1941-ல் அவர் சிறையிலிருந்தபோதே விருதுநகர் முனிசிபாலிடியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் அப்பதவியை ராஜினாமாச் செய்தார். முழுக் கவனம் செலுத்த இயலாத பொறுப்பைப் பெயரளவில் வகிப்பது தகாது என்பது அவர் கொள்கை.

1954 முதல் 1963 வரை அவர் முதல் மந்திரியாயிருந்த காலத்தில் வைகை, மணிமுத்தாறு, சாத்தனூர், கிருஷ்ணகிரி முதலிய அணைகள் எழுந்தன. அவற்றைப் புகழாத மேடையில்லை. ஆனால் அணையைக் கட்டுவது சில வருஷ வேலை. காப்பதோ அது நிற்குங்காலமெல்லாம் உள்ள வேலை. 2017 நவம்பர் 29-ந் தேதி கிருஷ்ணகிரி அணையின் மதகுக் கதவொன்று உடைந்து, தேங்கிய நீர் தென்பெண்ணையில் பாய்ந்தது. கரையோர ஜனங்களை எச்சரிக்க நேர்ந்தது. குஜராத்திலோ, 1979 ஆகஸ்டு 11-ந் தேதி மச்சு அணை உடைந்து, மோர்பி நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

2021-ஆம் வருஷத்து அணைப் பாதுகாப்புச் சட்டம் இப்பொறுப்பை அணைக்கு உடையவர் மீதே சுமத்துகிறது. வருஷந்தோறும் பருவமழைக்கு முன்னும் பின்னும் அணையைச் சோதிக்க வேண்டும். பெருவெள்ளத்திற்கும் பூகம்பத்திற்கும் பின்னர் மீண்டும் சோதிக்க வேண்டும். பழுது பார்க்கப் பணம் ஒதுக்க வேண்டும். ஆபத்துக் காலத்திற்குத் திட்டம் வகுக்க வேண்டும். தவறினால் தண்டனையுமுண்டு.

சிவகாசிப் பக்கத்தாருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மருந்தறையைச் சோதிக்குங் கடமை, லைசென்ஸ் அதிகாரி வருமுன்பே ஆலைக்கு உடையவரைச் சார்ந்தது என்பதை, 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் மாண்டவர்களை நினைக்கும் எவரும் ஒப்புவர். தனி முதலாளிக்கு ஒரு நீதி, சர்க்காருக்கு வேறொரு நீதி என்பதில்லை. நம் ராஜ்யத்தின் பெரிய அணைகளில் மிகப் பலவற்றுக்கு உடையவர் சர்க்காரே. சோதிப்பவரும் அவர் உத்தியோகஸ்தரே. ஆகவே மூன்றாவது கண்ணாகப் பொதுஜனங்கள் விழித்திருத்தல் அவசியம்.

பிளவக்கல், வெம்பக்கோட்டை அணைகளின் கீழ்ப் பயிரிடுவோரும், அவர்களுக்காகப் பேசும் ஊழியர்களும், ஐப்பசி மழைக்கு முன்னரே சென்ற சோதனையின் அறிக்கையைக் கேட்டுப் பெறுவார்களாக. புது அணை கேட்டு மகஜர் அனுப்பும் கை, பழைய அணையின் கணக்கையும் கேட்கட்டும்.

தம்மால் கவனிக்க இயலாத பதவியைக் காமராஜர் துறந்தார். அணைக்கு உடையவருக்கு அவ்வழியுமில்லை. நீர் தேங்கி நிற்கும்வரை அவர் ராஜினாமாச் செய்ய முடியாது, கவனித்தே தீரவேண்டும்.