நவாபுக்குக் கடன் கொடுத்தவன்!

அமெரிக்காவில் சட்டசபை மெம்பர்களின் மடியை நிரப்பிச் சலுகை பெறும் தரகர் கூட்டம் உண்டு. ரயில் கம்பெனிப் பங்குகளை மலிவாகக் கொடுத்து மெம்பர்களை வளைத்த கதை 1872-இல் அம்பலமாயிற்று. அந்நாடே தலை குனிந்தது. அந்த வித்தையிலே அவர்களுக்கும் முன்னோடி ஒருவன் நமது சென்னையில் இருந்தான், தோழர்களே! அவன் பெயர் பால் பென்பீல்டு.

1760-களில் கம்பெனியின் கட்டடப் பொறியாளனாக வந்தான். சம்பளம் சொற்பம். கறுப்பர் நகர மதிலைக் கட்ட ஒப்பந்தம் எடுத்தான். சேப்பாக்கம் மாளிகையும் அவன் கட்டியதே என்பர். ஆனால் அவனைக் கோடீசுவரனாக்கியது கொல்லறு அல்ல, கடன் பத்திரம்!

கடன் வாங்கியவர் ஆற்காட்டு நவாபு முகமது அலி. 1751-இல் நமது ஆரணியிலே கிளைவ் வென்ற போர், அவரை அரியணையில் ஏற்றிய போர்களில் ஒன்று. போர்ச் செலவைக் கம்பெனி நவாபின் தலையில் எழுதிற்று. கம்பெனிக்குக் கட்ட, கம்பெனி ஊழியரிடமே வட்டிக்கு வாங்கினார் நவாபு! ஈடு எது? ஊர்களின் வரி வருவாய். முன்பணம் வாங்கிய நெசவாளி தறியைவிட்டு நகர முடியாது என்பதை ஆரணிக்கு நாம் சொல்ல வேண்டுமா? அங்கே வாங்கியவன் கட்டுகிறான். இங்கோ, வாங்கியவர் நவாபு; கட்டியவன் உழவன்!

1776-இல் தஞ்சையை அதன் மன்னரிடம் திருப்பித் தந்தார் கவர்னர் பிகட் பிரபு. உடனே வந்து நின்றான் பென்பீல்டு. தஞ்சை வருவாயிலும் வயலில் நின்ற விளைச்சலிலும் தனக்கு 2,30,000 பவுனுக்கு மேல் பாத்தியதை உண்டு என்றான். சொற்பச் சம்பளக்காரனுக்கு இவ்வளவு பணம் ஏது? கவர்னர் மறுத்தார். கவுன்சில் பெரும்பான்மையோ அவன் பக்கம் சாய்ந்தது. ஆகஸ்டு 24-இல் கவர்னரையே கைது செய்தனர்! 1777 மே மாதம் காவலிலேயே மாண்டார் அவர். சதி செய்த நால்வருக்கு லண்டனில் கிடைத்த தண்டனை, ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம். அவ்வளவே!

பென்பீல்டு என்ன ஆனான்? சீமைக்குத் திரும்பி, 1780-இல் கிரிக்லேடு தொகுதியின் பார்லிமெண்டு மெம்பரானான்! அத்தொகுதியின் லஞ்ச நாற்றம் தாங்காமல் 1782-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. எட்டு மெம்பர்களை அவன் பணம் உருவாக்கியது என்று சபையிலேயே குற்றம் சாட்டினார் எட்மண்டு பர்க்.

அந்தச் செல்வாக்கின் பலன் என்ன? நவாபின் கடன்களை விசாரிக்க வேண்டுமென்றது 1784-ஆம் ஆண்டுச் சட்டம். டண்டாஸ் செல்வாக்குப் பெற்றிருந்த மேற்பார்வைக் குழுவோ, விசாரணையே இன்றி, கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கடனுக்கு ஒதுக்கிற்று. ஐதர் படையெடுப்பால் எரிந்து கிடந்த நாடு அது! 1785 பிப்ரவரி 28-இல் பர்க் மணிக்கணக்கில் பேசினார். தீர்மானம் தோற்றது.

விசாரித்திருந்தால் என்ன வெளிப்பட்டிருக்கும்? பின்னாளைய கடன்களை ஆராய 1805-இல் கமிஷன் வைத்தார்கள். 1814-க்குள் தீர்ப்பான கோரிக்கைகள் 2 கோடி பவுனுக்கு மேல். உண்மையெனத் தேறியது 13 லட்சம் சொச்சம். பதினைந்தில் ஒரு பங்கு! கணக்குக் கேட்டபோது பொய் உதிர்ந்தது. கேட்காதபோது பொய்க்கும் வட்டி கிடைத்தது.

பென்பீல்டின் லண்டன் வணிகம் பிறகு நொடித்தது. 1810-இல் பாரிசில் வறுமையில் செத்தான். தெய்வம் தண்டித்தது என்று சிலர் ஆறுதலடையலாம். நாம் அடையமாட்டோம். அவன் ஏழையானதால் உழவன் வீட்டுக் குதிருக்கு ஒரு படி நெல் திரும்பி வந்ததா?

இது பழங்கதை என்று தள்ளாதீர்கள். கொடுத்தவர் பெயரை மறைத்துக் கட்சிகளுக்குப் பணம் தர வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை, 2024 பிப்ரவரி 15-இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. பட்டியல் வெளிவந்தது, பல நிறக் கொடிகளும் அதில் இருந்தன. ஆகவே கணக்குக் கேளுங்கள், தோழர்களே! மாற்றாரிடம் மட்டுமல்ல, நம்மவரிடமும் கேளுங்கள். கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், கடைசியில் கட்டப்போவது யார்? அதைப் பணம் கைமாறும் முன்பே கேளுங்கள்!