வேலையாள் வேடத்தில் வந்த சாமியார்

மிஷன் என்றதும் நம் தோட்டப்புறத் தோழர்களுக்கு மிஷன் பள்ளிக்கூடம்தான் ஞாபகத்துக்கு வரும். கத்தோலிக்க இறையியலில் அதற்கு ‘அனுப்பப்படுதல்’ என்று பொருள். இறைவன் தம் மகனை அனுப்பினார். மகன் சீடர்களை அனுப்பினார். திருச்சபையின் இயல்பே அதுதான் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் உரைத்தது. இதன் பொருளை யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்க்கையில் நாம் கண்ணாரக் காணலாம்.

அடிகளார் கோவாவில் 1651-இல் பிறந்தவர். பின்னர் இலங்கைக் கரையோரம் டச்சுக்காரர் கைக்குப் போனது. கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை, குருக்களை விரட்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சுமார் முப்பது வருசம் சாமியாரே இல்லை. குடும்பங்கள்தான் ஒளித்து மறைத்து ஜெபத்தைக் காப்பாற்றி வந்தன.

1687-இல் அடிகளார் வேலையாள் வேடத்தில், வெறுங்காலோடு, யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். படை இல்லை, பணம் இல்லை. வந்ததும் வயிற்றுக்கடுப்பு; பிழைத்ததே பெரிய காரியம். தேறியதும் கழுத்தில் ஜெபமாலையோடு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். மாலையைப் பார்த்து முகம் மலர்ந்தவர் யார் என்று கவனித்து, தம் மக்களை அப்படித்தான் கண்டுபிடித்தார். தமிழும் சிங்களமும் கற்றார்.

1692-இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கீசிய ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். பின்னர் புத்த சமயத்தவரான மன்னரே அவருக்கு ஆதரவானார். 1697-இல் கண்டியில் அம்மை பரவியது. நோயாளிகளைக் கைவிட்டு ஜனங்கள் ஓடினார்கள். அடிகளாரோ அங்கேயே தங்கி, சமயம் பாராமல் கஞ்சி கொடுத்தார், புண் கழுவினார், செத்தவர்களைப் புதைத்தார். 1711-இல் கண்டியிலேயே காலமானார். 2015-இல் கொழும்பில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அனுப்பப்பட்டவர் ஆள வரவில்லை, அண்ட வந்தார். கூப்பிடாத இடத்துக்கும் போனார். இதுதான் அந்த இறையியலின் சாரம் என்போம்.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களில் இன்று செம்பனைக்குலை வெட்டுபவர்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் உண்டு. அவர்களில் ஒருவர் காய்ச்சலில் தனியே கிடந்தால் சோறு தண்ணி கொண்டுபோகிறவர் யார்? அந்த வேலைக்கு அங்கி வேண்டியதில்லை. எந்தச் சமயத்தவரானாலும், அனுப்பப்பட்டவர்கள் நாம்தான்.