ஹாஃப்கின் சுமந்த பழி

கரோனா தீநுண்மிக்கு எதிராக நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவேக்சின், செயலிழக்கச் செய்யப்பட்ட தீநுண்மியைக் கொண்டு உருவாக்கப்பட்டது. கொன்ற கிருமியைக் கொண்டே உடலைத் தற்காப்புக்குப் பழக்கும் இந்த வழிமுறை இந்தியாவுக்குப் புதிதன்று. 1897-இல் பம்பாயில் பிளேக் நோயை அவ்வாறு எதிர்கொண்டவர் வால்டெமர் ஹாஃப்கின்.

1860-இல் ஒடெஸா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மதத்தின் காரணமாகத் தாயகத்தில் அவருக்குப் பல்கலைக்கழகப் பணி மறுக்கப்பட்டது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் முதலில் கிடைத்ததும் துணை நூலகர் பணிதான். அங்கே காலரா தடுப்பூசியை உருவாக்கி, 1892-இல் தம் உடலிலேயே சோதித்தார். மறு ஆண்டு கல்கத்தா வந்தார். ஒரே குடியிருப்பில், ஒரே நீரைப் பருகியவர்களில் ஊசி போட்டுக்கொண்டோரையும் போடாதோரையும் ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார். இன்றைய தடுப்பூசி ஆய்வுகளின் அடிப்படையும் அத்தகைய ஒப்பீடுதான்.

1896-இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆய்வைத் தொடங்கிய ஹாஃப்கின், வெப்பத்தால் கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்ட மருந்தை 1897 ஜனவரி 10 அன்று தமக்கே செலுத்திக்கொண்டார். பின்னர் பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்குச் செலுத்தினார். நோயும் இறப்பும் கணிசமாகக் குறைந்தன, முற்றிலும் மறையவில்லை. ஒமைக்ரான் பரவியபோது நாமும் இதையே கண்டோம். ஊசி போட்டவர்களையும் தொற்று பற்றியது. ஆயினும் உயிரிழப்பிலிருந்து பெருமளவு பாதுகாப்பு நீடித்தது.

1902 அக்டோபரில், பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போடப்பட்ட 107 பேரில், ஒரே குப்பியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தனர். அன்று அதே ஊரில் வேறு குப்பிகளிலிருந்து ஊசி போட்டுக்கொண்டோருக்குத் தீங்கில்லை. எனினும் விசாரணைக் குழு பம்பாய் ஆய்வகத்தின் மீதே பழி சுமத்தியது. ஹாஃப்கின் பணியிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார்.

குப்பியைத் திறக்கையில் இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறையாகக் கிருமிநீக்கம் செய்யப்படாததும் விசாரணை ஆவணங்களிலேயே இருந்தன. மலேரியா ஆய்வாளர் ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் 1907-இல் லண்டன் டைம்ஸ் இதழில் பகிரங்கமாக வாதாடிய பின்னரே அவர் மீதான பழி நீங்கியது. இந்தியா திரும்பிய அவருக்குக் கல்கத்தாவில் பணி கிடைத்தது. பம்பாய் ஆய்வகத்தின் தலைமை கிடைக்கவில்லை. 1925-இல் அந்த ஆய்வகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930-இல் லொசானில் மறைந்தார்.

அந்த ஐந்தாண்டுத் தாமதத்தால் ஒரு மனிதரின் வாழ்வு மட்டும் முறியவில்லை. தடுப்பூசி மீது மக்கள் வைத்த நம்பிக்கையும் தளர்ந்தது. பிளேக்கோ ஓயவில்லை.

மூலக்குளம் வட்டாரத்தினருக்குக் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி கரோனா மருத்துவமனையாக இயங்கிய நாள்கள் மறந்திருக்காது. அந்நாள்களில் ஊசி குறித்த அச்சமும் வதந்தியும் நோயைப் போலவே பரவின. அஞ்சியவர்களை அறியாதவர்கள் என ஒதுக்குவது தீர்வாகாது. கோவிஷீல்டால் மிக அரிதாக இரத்த உறைவு ஏற்பட்டதைப் போன்ற உண்மைகளை மறைப்பதும் தீர்வாகாது. பக்கவிளைவு குறித்த ஒவ்வொரு புகாரும் விரைந்து விசாரிக்கப்பட வேண்டும். முடிவு மக்கள் மொழியில் வெளியிடப்பட வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வரும்போது அறிவியல் ஊசியை விரைவில் தந்துவிடும். அதை நம்பி மக்கள் கை நீட்டுவது அரசின் நேர்மையைப் பொறுத்தது.