சோகைக்கு மருந்து தந்த சுப்பாராவ்

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை உள்ள மீனவர் குப்பங்களிலும், செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமங்களிலும் கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். நான்காவது மாதம் முதல் தினம் ஒன்று சாப்பிட வேண்டும். இரத்தம் ஊறுவதற்கான மாத்திரை அது. அதில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. கூடவே அரை மில்லிகிராம் போலிக் அமிலமும் இருக்கிறது.

இந்தப் போலிக் அமிலத்தைத் தொழிற்சாலையில் செய்ய வழி கண்ட ஆராய்ச்சிக் குழுவின் தலைவர், சென்னையில் வைத்தியம் படித்தவர். அவர் பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

காசிக்கு ஓட்டம்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. குடும்பத்தில் வறுமை. 13 வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பினார். தாயார் வெங்கம்மா விடவில்லை. பிடித்து இழுத்து வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

பையன் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறினான். மூன்றாவது முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினான். பிறகு மாநிலக் கல்லூரி. அதன் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. படிப்புச் செலவுக்கு மாமனார் கைகொடுத்தார்.

காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, அறுவை சிகிச்சை அறைக்கும் கதர் உடையிலேயே போனார் சுப்பாராவ். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. நன்றாகப் பரீட்சை எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. சுப்பாராவ் ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்குப் போனார்.

இரண்டு சாவு

அந்தக் காலத்தில்தான் பேரிடி விழுந்தது. ஸ்புரூ என்ற குடல் நோயில் சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். இந்த நோய் வந்தால் சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு நிற்காது. இரத்தம் வற்றி உடல் வெளுத்துப் போகும். சுப்பாராவையும் அதே நோய் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்து எழுந்தார்.

இரத்தம் வற்றினால் உயிர் ஏன் போகிறது? இரத்தத்தின் சிவப்பு அணுக்களைச் சரக்குப் படகுகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு படகுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் துணுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு துணுக்கிலும் நான்கு இரும்பு அணுக்கள். அவைதான் இருக்கைகள். நுரையீரலில் ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு பிராணவாயு மூலக்கூறு ஏறிக்கொள்கிறது. முதலாவது ஏறிவிட்டால் மற்றவை ஏறுவது சுலபம்.

ஏற்றினால் போதாது, இறக்கவும் வேண்டுமே! கரைவலை இழுக்கும் மீனவரின் தோள் தசையைப் பாருங்கள். உழைக்கும் தசையில் சூடு ஏறுகிறது. கரியமில வாயு பெருகுகிறது. அந்த இடத்துக்கு வந்ததும் ஹீமோகுளோபின் பிடியைத் தளர்த்திப் பிராணவாயுவை இறக்கிவிடுகிறது. எங்கே தேவை அதிகமோ அங்கே அதிகச் சரக்கு இறங்குகிறது.

ஒரு சிவப்பு அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே எலும்பு மஜ்ஜையில் விநாடிக்கு 20 லட்சத்துக்கு மேல் புதிய அணுக்கள் பிறந்தாக வேண்டும். இரும்பு குறைந்தால் படகில் இருக்கை இல்லை. போலிக் அமிலம் குறைந்தால் படகே சரியாக உருவாகாது; ஊதிப்போன அணுக்கள் கொஞ்சம்தான் வரும். ஸ்புரூ நோயாளிக்கு நேர்வது இதுதான்.

ஈரலில் தேடல்

1922-ல் சுப்பாராவ் அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவி வயிற்றைக் கழுவினார். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில், பிஸ்கே என்பவருடன் சேர்ந்து, இரத்தத்தில் உள்ள பாஸ்பரசை அளக்க வழி கண்டார். தசைக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளையும் அவர்கள் பிரித்தெடுத்தார்கள். இவ்வளவு செய்தும் அங்கே நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

சோகையைத் தீர்க்கும் பொருள் ஈரலில் இருக்கிறது என்பது அப்போது தெரிந்திருந்தது. பம்பாய் மில் தொழிலாளர் குடும்பக் கர்ப்பிணிகளின் சோகை, ஈஸ்ட் சாற்றில் குணமாகிறது என்று லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1931-ல் எழுதியிருந்தார். அந்தப் பொருள் எது? சுப்பாராவின் குழு தேடிப் பிடித்தது. 1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகவே செய்து காட்டியது. உயிரைக் குடிக்கும் இன்னொரு வகைச் சோகைக்குத்தான் அவர் முதலில் மருந்து தேடினார். அதற்கான பி-12 வைட்டமின் 1948-ல் வேறு ஆட்களுக்குக் கிடைத்தது.

போலிக் அமிலம் வந்த உடனேயே ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளுத்துக் கிடந்தவர்களுக்கு இரத்தம் ஊறியது. சகோதரர்கள் போய் அப்போது கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அவர் குழு தந்ததே. ஆனாலும் சுப்பாராவ் மேடை ஏறவில்லை, புகழைத் தேடவில்லை. 1948 ஆகஸ்டில், 53-வது வயதில், நியூயார்க்கில் தூக்கத்திலேயே இறந்தார். இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது 1995-ல்.

மனைவி சேஷகிரியிடம் சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் அவர் கப்பல் ஏறினார். அதன் பிறகு பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். 26 ஆண்டுகள் ஓடின. கணவனும் மனைவியும் மறுபடி சந்திக்கவே இல்லை.