சிகோ மென்டிஸ்: நிறைவேற்றப்படாத ஒரு பிடியாணை

பிரேசிலின் ஆக்ரி மாநிலத்தில், ஷாபுரி ஊருக்கு அருகிலுள்ள ரப்பர் காட்டில் 1944 டிசம்பர் 15 அன்று சிகோ மென்டிஸ் பிறந்தார். ரப்பர் பால் வெட்டும் குடும்பம். முதலாளியிடம் பட்ட கடன் தீராத கொத்தடிமை வாழ்வு. கணக்குக் கற்றவன் கடனேட்டைக் கேள்வி கேட்பான் என்பதால், முதலாளிகள் பள்ளிகளை அனுமதிக்கவில்லை. பதின்பருவத்தின் இறுதியில்தான், தலைமறைவாக வாழ்ந்த பொதுவுடைமையாளர் ஒருவரிடம் அவர் எழுத்தறிவு பெற்றார்.

1970களில் இராணுவ அரசின் சலுகைகளோடு மாட்டுப்பண்ணை முதலாளிகள் வந்தனர். அமேசான் பகுதி நில உடைமையாளர்கள் பாதிக் காட்டையேனும் காக்க வேண்டும் என்று 1965ஆம் ஆண்டின் வனச் சட்டம் கூறியது. ஆயினும் காடு எரிந்தது. தொழிலாளர்கள் சங்கம் அமைத்து, குடும்பத்தோடு மரமறுக்கும் இயந்திரங்களை மறித்து நின்றனர். 1980இல் சங்கத் தலைவர் வில்சன் பின்ஹேரோ சங்க அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மென்டிஸ் பின்வாங்கவில்லை. 1985இல் தேசிய அளவிலான தொழிலாளர் அமைப்பு உருவாவதில் முன்நின்றார். காட்டை அழிக்காமல் அங்கேயே உழைத்து வாழும் உரிமையைக் கோரினார். 1987இல் ஐ.நா. சுற்றுச்சூழல் விருது பெற்றார்.

பண்ணை முதலாளி தார்லி ஆல்வெஸ் மீது வேறொரு மாநிலத்தில் கொலை வழக்கில் பிடியாணை இருந்தது. அதைத் தேடிப் பெற்று ஒன்றியக் காவல்துறையிடம் சேர்ப்பித்தவர் மென்டிஸே. காவல்துறை தாமதித்தது; ஆல்வெஸ் தலைமறைவானார். 1988 டிசம்பர் 22 அன்று, காவலர் இருவர் வீட்டில் இருக்கும்போதே, கொல்லைப்புறத்தில் மென்டிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் ஆல்வெசுக்கும் அவர் மகனுக்கும் 19 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1993இல் இருவரும் சிறையிலிருந்து தப்பினர். 1996இல்தான் மீண்டும் பிடிபட்டனர்.

அவர் பெயரில் 1990இல் வனக் காப்பகம் அமைந்தது. 1998இல் சுற்றுச்சூழல் குற்றச் சட்டம் வந்தது. 2019இல், சமரச விசாரணை நடக்கும்வரை அபராத நடவடிக்கைகளை நிறுத்திவைக்கும் ஆணை பிறந்தது. விசாரணைகளோ பெரும்பாலும் நடக்கவில்லை. 2021 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் பிரேசிலின் அமேசான் பகுதியில் 13,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு அழிந்தது. அந்த நடைமுறை 2023இல்தான் நீக்கப்பட்டது.

ஒரு சட்டம் நலிவதைத் திருத்த மசோதாக்களில் மட்டும் நாம் தேடினால் போதாது. நிறைவேறாத பிடியாணை, வசூலிக்கப்படாத அபராதம், நிரப்பப்படாத ஆய்வாளர் பணியிடம் ஆகியவற்றையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும். சட்டம் செயலற்றுக் கிடக்கையில் உயிரையும் வாழிடத்தையும் இழப்போர் நிலமற்றவர்களே.