சுனாமி என்ற சொல்லை உலகத்துக்குக் கொண்டுபோன ஜப்பான் வாத்தியார்: யார் இந்த லாஃப்காடியோ ஹெர்ன்?

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல்திட்டுக் குப்பங்களில் வலையும் படகும் கரையில் கிடந்தன. திடீரென கடல் ஊருக்குள் வந்தது. அது என்ன என்று சொல்ல அன்று யாரிடமும் ஒரு சொல் இல்லை. கடல் பொங்கிவிட்டது என்றுதான் சொன்னார்கள். மதியத்துக்குள் டிவியில் ஒரு சொல் ஓடியது. சுனாமி. ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற சுண்ணாம்புக்குளம் வரை, படிக்காத பாட்டிகூட அன்று முதல் அந்த ஜப்பான் சொல்லைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆனா அந்தச் சொல் புத்தகத்தில் ஏறி அப்போதே நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஜப்பானுக்கு வெளியே இருந்த வாசகர்களுக்கு அதை முதன்முதலில் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், ஜப்பானில் இங்கிலீஷ் வாத்தியாராக வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுக்காரர். பெயர் லாஃப்காடியோ ஹெர்ன். ஒரு கண் தெரியாது. இன்னொரு கண்ணும் பாதிதான். அவர் கதையைப் பார்க்கலாம்.

அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை

ஹெர்ன் பிறந்தது 1850 ஜூன் 27-ல், கிரேக்கத் தீவான லெஃப்காடாவில். அந்தத் தீவின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள். அம்மா ரோசா கிரேக்கப் பெண். அப்பா சார்லஸ், பிரிட்டிஷ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த அயர்லாந்துக்காரர்.

இரண்டு வயதில் குழந்தையை அயர்லாந்தின் டப்ளினுக்குக் கொண்டுபோனார்கள். பாஷையும் ஒத்துவராமல், குளிரும் ஒத்துவராமல் அம்மா 1854-ல் கிரேக்கத்துக்கே திரும்பிவிட்டார். அதன் பிறகு மகன் அவரைப் பார்க்கவே இல்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு 1857-ல் ராணுவப் பணிக்காக இந்தியாவுக்கு, நம்ம பக்கத்துச் செகந்திராபாத்துக்கு வந்துவிட்டார். 1866-ல் ஊர் திரும்பும் வழியில் சூயஸ் அருகே காய்ச்சலில் இறந்தார்.

அதே 1866-ல் பள்ளியில் விளையாடும்போது அடிபட்டு ஹெர்னின் இடது கண் பார்வை போனது. வலது கண்ணுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. அவர் புகைப்படங்களைப் பார்த்தீங்கன்னா, பெரும்பாலும் ஒரு பக்கமாகத் திரும்பி இருப்பார், இல்லையென்றால் தலை குனிந்திருப்பார். காரணம் அந்தக் கண்தான்.

வளர்த்த உறவுக்காரப் பாட்டியின் சொத்தும் போக, 19 வயதில் கையில் காசு இல்லாமல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பத்திரிகை நிருபரானார். அடிமையாகப் பிறந்த ஒரு கறுப்பினப் பெண்ணை 1874-ல் மணந்தார். அந்த மாநிலச் சட்டப்படி அப்போது அது குற்றம். வேலை போனது. அந்த மண வாழ்க்கையும் நீடிக்கவில்லை.

ஜப்பானுக்கு எப்படிப் போனார்?

1890 ஏப்ரலில், ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்கு எழுதுவதற்காக யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கினார். வந்த கொஞ்ச நாளிலேயே பத்திரிகையோடு சண்டை. ஒப்பந்தம் முறிந்தது. சாப்பாட்டுக்கு வழி? அப்போது ஜப்பான் அரசு ரயில், கப்பல், சட்டம், மருத்துவம் என எல்லாவற்றுக்கும் வெளிநாட்டவரைச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டிருந்த காலம். இங்கிலீஷ் வாத்தியாருக்கும் தேவை இருந்தது. நண்பர்கள் சிபாரிசில் மட்சுவே என்ற ஊரில் வேலை கிடைத்தது. மாதம் 100 யென். உள்ளூர் வாத்தியார்கள் வாங்கியதைவிட மிக அதிகம்.

பழவேற்காடு மாதிரியே ஒரு ஊர்

மட்சுவே எங்கே இருக்கு தெரியுமா? ஜப்பானின் மேற்குக் கடற்கரைப் பக்கம், ஷின்ஜி ஏரிக் கரையில். பழவேற்காடு மாதிரியே அதுவும் உவர்நீர் ஏரி. கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலக்கிற இடம். நம்ம ஏரியில் இறாலும் மட்டியும் எடுக்கிற மாதிரி, அங்கே சின்னச் சின்ன மட்டிகளைப் படகில் நின்று, நீளமான கம்பு கட்டிய கூடையால் அரித்து எடுப்பார்கள். இன்றைக்கும் அந்த ஊரின் காலைச் சாப்பாட்டில் மட்டி சூப் உண்டு.

1890 ஆகஸ்ட் கடைசியில் ஹெர்ன் அங்கே போனார். பார்வை குறைவு என்பதால் காதுதான் அவருக்குத் துணை. விடியற்காலையில் அரிசி குத்தும் சத்தம், கோயில் மணி, காய்கறி விற்கும் குரல், மரப்பாலத்தில் மரச்செருப்புகள் டொக்கு டொக்கென்று போகிற ஓசை. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். தூரத்தில் இருப்பதைப் பார்க்க மடக்கித் தொலைநோக்கி ஒன்று எப்போதும் பையில் இருக்கும்.

முதலில் தங்கிய விடுதியில் வேலைக்கார சிறுமிக்குக் கண் நோய். முதலாளி வைத்தியம் பார்க்கவில்லை. ஹெர்னுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் காசில் மருத்துவரிடம் காட்டவைத்தார். பிறகு அந்த விடுதியை விட்டே வெளியேறினார். கண் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

வாத்தியாரின் ஒரு நாள்

ஜப்பானிய மொழி சரியாகத் தெரியாத வாத்தியார். இங்கிலீஷ் கொஞ்சமாகத் தெரிந்த பிள்ளைகள். எப்படி நடந்திருக்கும் வகுப்பு?

அவர் வழி ரொம்ப எளிது. பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தையே இங்கிலீஷில் எழுதச் சொல்வார். ஊர்த் திருவிழா, பேய்க் கதை, வீட்டுப் பழக்கம், பூச்சி, பூ. அவர்கள் எழுதித் தருவார்கள். இவர் பிழை திருத்துவார். திருத்தும்போதே அந்த ஊரைப் படித்துக்கொள்வார். பாடம் இரண்டு பக்கமும் நடந்தது, அவ்வளவுதான். படிக்கும்போதே நோயில் இறந்துபோன மாணவர்களைப் பற்றியும் பின்னர் மனம் உருகி எழுதினார்.

பள்ளியில் அவருக்கு எல்லா உதவியும் செய்தவர் நிஷிதா சென்டாரோ என்ற ஆசிரியர். விதிமுறை, வீடு, மொழிபெயர்ப்பு என எதற்கும் அவரிடம்தான் ஓடுவார். புது ஊரில் வேலைக்குப் போன எல்லாருக்கும் தெரியும், அப்படி ஒரு ஆள் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

ஆனா குளிர்காலம் அவரைச் சாய்த்துவிட்டது. பனி கொட்டும். காகிதக் கதவு வைத்த வீட்டில் கரி அடுப்பு மட்டும்தான் சூடு. உடம்பு முடியாமல் படுத்தவரைப் பார்த்துக்கொள்ள வந்தவர் கொய்சுமி செட்சு. சாமுராய் குடும்பத்துப் பெண். அரசு மானியம் நின்று, குடும்பம் நொடித்து, நெசவு செய்து பிழைத்துக்கொண்டிருந்தார். 1891-ல் இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள்.

புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் புரிந்த பாஷை

செட்சுவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஹெர்னுக்கு ஜப்பானிய இலக்கணம் வராது, பேப்பர்கூடப் படிக்க முடியாது. அதனால் வினை விகுதியெல்லாம் விட்டுவிட்டு, உடைந்த ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டார்கள். குடும்பத்தில் அதற்கு ஹெர்ன் பாஷை என்றே பெயர்.

அந்த உடைந்த மொழியில்தான் செட்சு இரவில் விளக்கைச் சின்னதாக்கிவிட்டுப் பழைய பேய்க் கதைகளைச் சொல்வார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது, சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்பது கணவரின் கட்டளை. 1904-ல் வெளியாகி உலகப் புகழ் பெற்ற குவாய்தான் கதைத் தொகுப்புக்குப் பின்னால் இந்த இரவுகள் இருக்கின்றன. எழுத்து அவருடையது. கதைக் குரலில் பாதி செட்சுவுடையது.

எழுதும்போது முகம் காகிதத்தைத் தொடும் அளவுக்குக் குனிய வேண்டியிருந்ததால், உயரமான மேசை ஒன்றைச் செய்து வாங்கினார். புகையிலைக்கு நெருப்பு வேண்டுமென்றால் கடற்கரையில் வாங்கிய பெரிய சங்கை எடுத்து ஊதுவார். வீடே சிரிக்கும்.

சம்பளம், ஒப்பந்தம், குடியுரிமை

வெளியிலிருந்து பார்த்தால் சுகமான வாழ்க்கை. உள்ளே பெரிய கவலை இருந்தது. 1891 நவம்பரில் 200 யென் சம்பளத்துக்காகக் குமமோட்டோ நகரத்தின் அரசுப் பள்ளிக்கு மாறினார். அங்கே தலைமை ஆசிரியர் யார் தெரியுமா? ஜூடோ விளையாட்டை உருவாக்கிய கானோ ஜிகோரோ! ஆனாலும் ராணுவ வாடை அடித்த அந்த ஊர் ஹெர்னுக்குப் பிடிக்கவில்லை. செட்சுவின் பெற்றோர், தாத்தா என மொத்தக் குடும்பமும் ஒருவர் சம்பளத்தில். நம்ம ஊரில் துபாய், சிங்கப்பூர் போய் வீட்டைத் தாங்குகிறவர்களுக்கு இந்தப் பாரம் புரியும். 1893-ல் மூத்த மகன் கசுவோ பிறந்தான்.

1894-ல் வாத்தியார் வேலையை விட்டு கோபே நகரத்தில் பத்திரிகை வேலைக்குப் போனார். கண் மேலும் கெட்டது. தான் இறந்துவிட்டால் மனைவி, மகனுக்குச் சொத்து போய்ச் சேருமா என்ற பயம். அவர் பிரிட்டிஷ் பிரஜை. சட்டப்படி முறையாக மணந்தால் செட்சு ஜப்பான் குடியுரிமையை இழப்பார். அதனால் தானே ஜப்பானியராகிவிட்டார். 1896-ல் மனைவியின் குடும்பத்தில் சேர்ந்து கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றினார். அதே வருஷம் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் பதவி. மாணவர்கள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளும்படி மெதுவாகப் பேசுவார். அந்த நோட்டுகளே அவர் இறந்த பிறகு புத்தகங்களாக வந்தன.

லீவு விட்டால் மீன்பிடிக் கிராமம்

டோக்கியோ அவருக்கு ஒட்டவில்லை. 1897 முதல் கோடை விடுமுறை என்றால் யாய்சு என்ற மீன்பிடி ஊருக்குக் கிளம்பிவிடுவார். தங்குவது ஹோட்டலில் இல்லை, ஒட்டோகிச்சி என்ற மீன் வியாபாரியின் வீட்டு மாடியில். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பார். அலை அதிகமான அந்தக் கடலில் தானும் மணிக்கணக்கில் நீந்துவார். பல்கலைக்கழக வாத்தியாருக்கும் மீன்காரருக்கும் அப்படி ஒரு நட்பு.

நெற்போருக்குத் தீ வைத்த மனிதர்

இப்போது சுனாமிக்கு வருவோம். 1896 ஜூன் 15 மாலை, ஜப்பானின் சன்ரிக்கு கடற்கரையைப் பேரலை அடித்தது. சுமார் 22,000 பேர் இறந்தார்கள். நிலம் லேசாகத்தான் ஆடியது, அதனால் யாரும் ஓடவில்லை. ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கரைக்கு வந்து பார்த்தால் ஊர் இல்லை. சுனாமி என்றால் துறைமுக அலை என்று அர்த்தம். ஆழ்கடலில் தெரியாமல், கரையில் வந்துதான் அது எழும்பும்.

அந்தப் பேரழிவுக்குப் பிறகு ஹெர்ன் ஒரு பழைய சம்பவத்தை ஆங்கிலத்தில் எழுதினார். 1897-ல் புத்தகத்தில் வந்தது. கடல் பின்வாங்குவதைக் குன்றின் மேலிருந்து பார்த்த ஒரு பெரியவர், கீழே இருக்கும் ஊரைக் கூப்பிட்டால் கேட்காது என்று தன் நெற்போருக்கே தீ வைக்கிறார். தீயை அணைக்க ஊரே மேலே ஓடி வருகிறது. பின்னாலேயே அலை வருகிறது. எல்லாரும் பிழைக்கிறார்கள்.

உண்மையில் நடந்தது 1854-ல், ஹிரோ என்ற கிராமத்தில். அவர் பெயர் ஹமாகுச்சி கோரியோ. கிழவர் அல்ல, முப்பதுகளில் இருந்த சோயா சாஸ் வியாபாரி. முதல் அலை அடித்த பிறகு, இருட்டில் தவித்தவர்களுக்கு வழி தெரிவதற்காக வைக்கோலைக் கொளுத்தினார். அதோடு நிற்கவில்லை. சொந்தப் பணத்தில், ஊர் மக்களுக்கே கூலி கொடுத்து, சுமார் 600 மீட்டர் நீளம், 5 மீட்டர் உயரத்துக்குக் கரை கட்டினார். 1946-ல் அடுத்த சுனாமி வந்தபோது ஊரின் பெரும்பகுதியை அந்தக் கரைதான் காப்பாற்றியது.

ஹெர்னின் கதை 1937 முதல் பத்து வருஷம் ஜப்பான் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருந்தது. 2015-ல் ஐ.நா. நவம்பர் 5-ஐ உலக சுனாமி விழிப்புணர்வு தினமாக அறிவித்ததும் இந்தச் சம்பவத்தின் நினைவாகத்தான்.

வேலை போனது

1903-ல் டோக்கியோ பல்கலைக்கழகம் அவரை நிறுத்தியது. மாணவர்கள் எதிர்த்தும் பலன் இல்லை. அவர் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் ஜப்பானின் பெரிய நாவலாசிரியரான நட்சுமே சோசெகி. ஹெர்ன் 1904-ல் வசேதா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதே வருஷம் செப்டம்பர் 26-ல் மாரடைப்பில் இறந்தார். வயது 54. மூன்று மகன்கள், ஒரு மகள்.

நமக்கு இதில் என்ன?

2004-ல் சுமத்ராவில் நிலநடுக்கம் வந்தது நம்ம நேரப்படி காலை 6.29 மணிக்கு. தமிழகக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஊரைக் காலி செய்ய அந்த நேரம் போதும். ஆனா சொல்ல ஆள் இல்லை, புரிந்துகொள்ளச் சொல்லும் இல்லை. தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் போய்விட்டார்கள்.

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. எங்கோ தூரத்தில் வரும் நிலநடுக்கம் நம்ம கரையில் தெரியாமலே போகலாம் என்பதால் அந்த எச்சரிக்கை முக்கியம். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது, மீன் பொறுக்கப் போகக் கூடாது. பழவேற்காட்டுப் பக்கம் ஏற குன்று கிடையாது. அதனால் புயல் பாதுகாப்பு மையமோ உயரமான கட்டடமோ எங்கே இருக்கு, எந்த வழியில் போகணும் என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

2004-ல் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அவர்களுக்கு அது பெரியவர்கள் சொல்லும் கதை மட்டும்தான். பரவாயில்லை, கதையாகவாவது சொல்லுங்க. பாதிக் கண் பார்வையோடு ஒரு வாத்தியார் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்ததால்தான், 1854-ல் எரிந்த அந்த வைக்கோல் இன்றைக்கும் வழி காட்டுகிறது.