ஒசாமு தெசுகா: தூங்காத கலைஞரும் அவர் வைத்துவிட்டுப் போன விலையும்

சில வருடங்களுக்கு முன்னர் கொழும்பில் ஒரு விளம்பர வடிவமைப்பு நிறுவனத்தில் எழுத்தாளராக வேலை பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் இரவு பத்து மணிக்கு முன்னர் வெளியே வர முடியாது. வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் நிறத்தை மாற்றச் சொல்வார், பிறகு பழைய நிறமே நல்லது என்பார். எங்களோடு இருந்த டிசைனர் அண்ணா ஒருவர் கதிரையிலேயே சாய்ந்து தூங்கிவிட்டு, விடியற்காலை எழும்பி அதே கோப்பைத் திறப்பார். மேலதிக நேரக் கொடுப்பனவு பற்றி அங்கு யாரும் வாய் திறந்ததில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் கொத்து ரொட்டி வரும். கணக்கு அதோடு முடிந்தது.

ஒருநாள் கூட்டத்தில் எங்கள் மேலாளர் ஜப்பானிய ஓவியர் ஒருவரைப் பற்றிப் பேசினார். நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் தூங்கி, வாழ்நாளில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பக்கங்கள் வரைந்தவராம். கலையை நேசிப்பவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை என்பதுதான் அவர் எங்களுக்குச் சொல்ல வந்த பாடம்.

அந்த ஓவியர் ஒசாமு தெசுகா. 'அஸ்ட்ரோ போய்' என்ற இயந்திரச் சிறுவனை உருவாக்கியவர், ஜப்பானில் மங்காவின் கடவுள் என்று கொண்டாடப்படுபவர். வேலையை விட்ட பிறகுதான் அவரது வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். மேலாளர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை.

தெசுகா 1928 நவம்பர் 3ஆம் திகதி ஒசாகா மாகாணத்தின் தொயோனாகாவில் பிறந்தார். வளர்ந்தது தகராசுக்கா என்ற நகரில். தந்தையிடம் ஒரு சிறிய திரைப்படக் கருவி இருந்தது. டிஸ்னி கார்ட்டூன்களை அந்த வீட்டுச் சுவரில்தான் அவர் முதலில் பார்த்தார். பாடசாலையில் சக மாணவர்கள் அவரது கலைந்த சுருள்முடியைக் கேலி செய்தார்கள். கொப்பியில் படம் வரையத் தொடங்கியதும் அதே மாணவர்கள் சுற்றி வந்து நின்றார்கள். பூச்சிகள் மீது அவருக்குத் தீராத பைத்தியம். 'ஒசாமுஷி' என்ற வண்டின் பெயர் தன் பெயரைப் போலவே ஒலிப்பதைக் கண்டு, தன் பெயரோடு பூச்சியைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்து எழுதத் தொடங்கினார். கடைசிவரை அந்தப் பெயரில்தான் கையெழுத்திட்டார்.

போர் அவரையும் விடவில்லை. பதின்ம வயதில் ஒசாகாவில் ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அனுப்பப்பட்டார். 1945 ஜூனில் விமானங்கள் குண்டு பொழிந்தபோது மயிரிழையில் தப்பினார். எரிந்த நகரத்தையும் ஆற்றங்கரைப் பிணங்களையும் பார்த்த அந்தக் கண்கள் பிற்காலக் கதைகள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. போரின் வாசனை தெரிந்த நம்மைப் போன்றவர்களுக்கு அவரது படங்கள் அந்நியமாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் படித்தது மருத்துவம். ஆனால் 1946இல், பதினேழு வயதில், சிறுவர் பத்திரிகை ஒன்றில் நான்கு கட்டச் சித்திரத் தொடர் வரையத் தொடங்கிவிட்டார். 1947இல் வெளிவந்த 'புதிய புதையல் தீவு' மலிவு விலைப் புத்தகமாக லட்சக்கணக்கில் விற்றது. சினிமாவில் கமெரா நகர்வதுபோலக் கட்டங்கள் நகர்ந்தது அன்றைய சிறுவர்களுக்குப் புதிதாக இருந்தது. வைத்தியரா, ஓவியரா என்று குழம்பி நின்றபோது, எது உனக்குப் பிடிக்குமோ அதைச் செய் என்று தாய் சொன்னதாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். வைத்தியருக்கான அரச பரீட்சையில் சித்தியடைந்தார். வைத்தியராக வேலை செய்யவில்லை.

1950இல் 'காட்டுப் பேரரசன்', 1952இல் 'அஸ்ட்ரோ போய்', 1953இல் 'ரிப்பன் வீரன்'. டோக்கியோவுக்கு வந்தபோது ஒரே மாதத்தில் பல சஞ்சிகைகளுக்கு வரைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சஞ்சிகையின் ஆசிரியரும் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பக்கங்களுக்காகக் காத்திருந்தார்கள். யாருடைய பக்கம் முதலில் என்பதில் அவர்களுக்குள் சண்டை வந்தது. தவணை தவறிக்கொண்டே போனபோது விடுதி அறையில் அடைத்து வைத்து வரைய வைத்தார்கள். ஜப்பானியப் பதிப்புலகில் அதற்கு, தகரத்தில் அடைப்பது என்று பொருள்படும் ஒரு சொல்லே இருக்கிறது. அவரது பெயரைத் திரித்து, தாமதப் பூச்சி, பொய்ப் பூச்சி என்றெல்லாம் ஆசிரியர்கள் பட்டம் வைத்தார்கள். எந்த அழைப்புக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை, அவருங்கூட.

கதை மாறுவது 1960களில்.

மங்காவில் சம்பாதித்த பணத்தை வைத்து அனிமேஷன் செய்ய வேண்டும் என்பது அவரது சிறுவயதுக் கனவு. தனது வீட்டுக்குப் பக்கத்தில் முஷி புரொடக்சன் என்ற ஸ்டூடியோவை அமைத்தார். 1963 ஜனவரி 1ஆம் திகதி 'அஸ்ட்ரோ போய்' ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒருமுறை, அரை மணி நேர அனிமேஷன் தொடர். அன்றைய ஜப்பானில் பலரும் முடியாது என்று சொன்ன காரியம் அது. திரைப்படத்தில் ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள் ஓடும். முஷி ஊழியர்கள் மூன்று சட்டங்களுக்கு ஒரு படம் என்று குறைத்தார்கள். வாய் மட்டும் அசையும், உடல் அசையாது. ஒரு தடவை வரைந்த ஓட்டத்தையும் பறப்பையும் சேமித்து வைத்து அடுத்த வாரமும் பயன்படுத்தினார்கள். அவ்வளவு சிக்கனம் பிடித்தும், வாரா வாரம் வரும் தவணை மனிதர்களைத் தின்றது. தெசுகா எல்லாவற்றையும் தானே பார்க்க வேண்டும் என்று நின்றார். அவரோ மங்காத் தவணைகளில் மூழ்கியிருந்தார். அவரது கையெழுத்துக்காகக் காத்திருந்து, பிறகு இழந்த நேரத்தை இரவில் பிடிப்பது ஊழியர்களின் வேலையாயிற்று. தொடர் வெற்றி பெற்றது. 1966 டிசம்பர் 31 வரை 193 அத்தியாயங்கள் ஓடின.

ஆனால் அந்தத் தொடரை அவர் விற்ற விலை தயாரிப்புச் செலவைவிட மிகவும் குறைவு. விலை கூடினால் தொலைக்காட்சியும் விளம்பரதாரரும் வாங்க மாட்டார்கள் என்று பயந்தார். விலை குறைந்தால் வேறு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்றும் எண்ணினார். பற்றாக்குறையைத் தனது மங்கா வருமானத்தாலும், பாத்திரங்களின் உருவத்தைச் சொக்லட்டுக்கும் பொம்மைக்கும் விற்கும் உரிமையாலும் ஈடுசெய்தார். அவரால் அது முடிந்தது. ஏனென்றால் அவர் தெசுகா.

எதிர்பார்த்தது நடக்கவில்லை. போட்டியாளர்கள் சில மாதங்களிலேயே வந்துவிட்டார்கள். அனிமேஷன் என்றால் இவ்வளவுதான் விலை என்ற எண்ணம் தொலைக்காட்சிகளிடம் தங்கிவிட்டது. அந்த விலையில் வேலை நடக்க வேண்டுமென்றால் குறைவது எது? படம் வரைபவரின் கூலி. கூடுவது எது? அவரது இரவு.

அதே காலத்தில் தோயே ஸ்டூடியோவில் இளம் அனிமேட்டர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்து நின்றார்கள். பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகியும் இசாவோ தகாஹாதாவும் அந்தச் சங்கத்தின் பொறுப்பாளர்கள். தெசுகா இறந்த வருடத்தில் எல்லோரும் அஞ்சலி எழுதிக்கொண்டிருந்தபோது, மியாசாகி அவரது மங்காவின் பெருமையை ஒப்புக்கொண்டுவிட்டு, மலிவான அனிமேஷனுக்கு வழி திறந்ததற்காக அவரைக் கடுமையாக விமர்சித்தார். பழி முழுவதையும் ஒருவர் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த விலையை அறுபது வருடங்களாகக் கூட்டாமல் வைத்திருந்தவர்கள் தொலைக்காட்சிகளும் முதலீட்டாளர்களுந்தான். ஆனாலும் முதல் விலைச்சீட்டை ஒட்டியவர் அவர்.

1971இல் முஷியின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1973இல் அந்த நிறுவனம் கடனில் மூழ்கித் திவாலானது. சஞ்சிகைகளும் அவரைப் பழைய ஆளாகப் பார்க்கத் தொடங்கியிருந்தன. அந்த வருடத்திலேயே 'பிளாக் ஜாக்' என்ற தொடரைத் தொடங்கினார். அனுமதிப்பத்திரம் இல்லாத ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர், நோயாளிகளிடம் கண்ணைக் கட்டும் தொகை கேட்பார். உயிருக்கு என்ன விலை தருவாய் என்று ஒவ்வொரு கதையிலும் கேட்பதுபோல இருக்கும். தன் உழைப்பை நட்டத்துக்கு விற்ற ஒருவரின் கையிலிருந்து, தன் திறமைக்கு விலை பேசத் தயங்காத இந்த வைத்தியர் எப்படி வந்தார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்தத் தொடர் அவரை மீண்டும் உச்சிக்குக் கொண்டுவந்தது. 'புத்தர்', 'தீப்பறவை', 'அடொல்ஃப்' என்று எழுதிக் குவித்தார். 1986இல் என்.எச்.கே. தொலைக்காட்சி அவரது வேலை அறைக்குள் கமெராவை வைத்து ஓர் ஆவணப்படம் எடுத்தது. எங்கள் மேலாளருக்குத் தெரிந்திருந்த தெசுகா அந்தப் படத்தில் இருப்பவர் என்று நினைக்கிறேன். ஒரு சிறிய அறை. மேசையில் தனியாகக் குனிந்து வரையும் ஐம்பத்தேழு வயது மனிதர். முன்புபோல வட்டத்தைச் சரியாக வரையக் கை வருவதில்லை என்று ஓரிடத்தில் வருந்துகிறார். யோசனைகள் இன்னும் ஏராளம் இருக்கின்றன என்கிறார். அந்தக் காட்சியை ஊக்கம் என்று பார்ப்பவர்களும் உண்டு. எனக்குத் தொண்டை அடைத்தது.

1988இல் இரைப்பையில் சத்திர சிகிச்சை நடந்தது. அதன் பிறகும் வரைந்தார். அந்த வருடக் கடைசியில் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு வந்தது இரைப்பைப் புற்றுநோய். அன்றைய ஜப்பானிய வழக்கப்படி அதை நோயாளியிடம் சொல்லவில்லை, அவர் மருத்துவம் படித்தவர் என்றபோதும். படுக்கையிலும் வரைதாளைக் கேட்டார். கடைசி நாட்களிலும் வேலை செய்ய விடும்படி கெஞ்சியதாகக் குடும்பத்தினர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1989 பெப்ரவரி 9ஆம் திகதி இறந்தார். வயது 60. மூன்று தொடர்கள் பாதியில் நின்றன.

புற்றுநோய்க்கு வேலையைக் காரணம் காட்ட நான் வைத்தியர் இல்லை. ஆனால் அவர் நோயில் விழுந்த அதே 1988இல்தான், மிகைவேலையால் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக ஜப்பானியச் சட்டத்தரணிகள் தொலைபேசி ஆலோசனைச் சேவையைத் தொடங்கினார்கள். 'கரோஷி' என்ற சொல் உலகத்துக்குத் தெரியவந்தது. அவரது தொழிலையும் அது தொட்டது. 2010இல் உயிரை மாய்த்துக்கொண்ட அனிமேஷன் ஊழியர் ஒருவரின் மரணத்துக்கு மிகைவேலையே காரணம் என்று 2014இல் தொழில் மேற்பார்வை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. ஜப்பானில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் 1947இலிருந்தே இருக்கிறது. ஆனால் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அனிமேட்டர் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

நமது நாட்டிலும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் எங்களில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தும் கேட்டிருப்போமா? சந்தேகந்தான். நேசித்துச் செய்யும் வேலைக்கு மணிக்கணக்குப் பார்ப்பது அசிங்கம் என்று நாங்களே நம்பியிருந்தோம். தெசுகாவும் அப்படித்தான் நம்பினார். அவர் தன் இரவைத் தானே கொடுத்தார், அது அவருடைய உரிமை. அவருக்காகக் காத்திருந்தவர்களின் இரவும் அதோடு சேர்ந்து போனதுதான் பிரச்சினை.

இப்போது நான் சுயாதீனமாக எழுதுகிறேன். ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி. அந்த அனிமேட்டர் நிற்கும் இடத்தில்தான் நானும் நிற்கிறேன். டிசைனர் அண்ணா இப்போது வீட்டிலிருந்து வேலை செய்கிறார். எத்தனை தடவை திருத்தித் தருவேன், அதற்கு மேல் திருத்தினால் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி அனுப்பிவிடுவாராம். வாடிக்கையாளர்கள் சிலர் போய்விட்டார்கள், சிலர் இருக்கிறார்கள். அவரிடம் கேட்ட பிறகு நானும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்குத் தொடங்கினேன், எத்தனை மணிக்கு முடித்தேன் என்று அதில் எழுதுகிறேன். இந்தக் கட்டுரைக்கு இதுவரை பதினொரு மணி நேரம்.